ரிப்பீட்டருக்குச் சாவி வேண்டுமா? பூட்டிய வாக்கி-டாக்கி பேச்சு எப்படிப் போகிறது, எங்கே கோட்டை விடுகிறது

2023 ஜூலையில் நியூயார்க் நகரப் போலீஸ் துறை, ப்ரூக்ளின் பகுதியில் சில காவல் நிலையங்களில் தொடங்கி, தன் ரேடியோ பேச்சை வெளியாள் கேட்க முடியாதபடி பூட்ட ஆரம்பித்தது. சுமார் 39 கோடி டாலர் செலவில் நகரம் முழுவதற்கும் போடப்படும் புது டிஜிட்டல் ரேடியோ அமைப்பின் ஒரு பகுதி அது. அதற்கு முன்பே டென்வர், சிகாகோ போன்ற நகரங்கள் அந்த வழிக்குப் போய்விட்டன. அந்தச் செய்திகள் வந்ததிலிருந்து, ரேடியோ கருவிகளைக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்குக்கூட ஒரு குழப்பம் தீரவில்லை. பேச்சை வாங்கித் தூரத்துக்குக் கடத்த நடுவில் ஒரு ரிப்பீட்டர் இருக்கிறதே, அதற்கும் சாவி (பேச்சைப் பூட்டவும் திறக்கவும் பயன்படும் ரகசிய எண்) கொடுக்க வேண்டாமா? அந்த ரிப்பீட்டரைப் பராமரிப்பவர் எல்லாவற்றையும் கேட்கலாமா? கடையில் வாங்கும் டிஜிட்டல் வாக்கி-டாக்கியில் "பிரைவசி" என்று ஒரு மெனு இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் நம் பேச்சும் போலீஸ் பேச்சு மாதிரி பூட்டிக்கொள்ளுமா?

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் "வேண்டாம்" என்பதே பதில். மற்ற இரண்டுக்கும் அவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. அடிப்படையிலிருந்து வருவோம்.

ரிப்பீட்டர் என்ன செய்கிறது

கையில் வைத்துப் பேசும் கருவியின் சக்தி 4 அல்லது 5 வாட். தரையில் நின்று பேசினால் ஊருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் போவதே பெரிய விஷயம், நடுவில் கான்கிரீட் கட்டடங்கள் இருந்தால் அதுவும் இல்லை. அதனால் ஒரு குன்றின் மேலோ உயரமான கட்டடத்தின் மொட்டை மாடியிலோ ஒரு கருவியை வைக்கிறார்கள். அது ஓர் அலைவரிசையில் கேட்கும், கேட்டதை அதே கணத்தில் வேறோர் அலைவரிசையில் கூடுதல் சக்தியோடு திருப்பி அனுப்பும். எடுத்துக்காட்டாக 456 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 451 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும். கீழே இருக்கும் வாக்கி-டாக்கிகள் இதற்கு நேர்மாறாக 456-இல் பேசி 451-இல் கேட்கும்.

ஒரே ஆன்டெனாவில் ஒரே நேரத்தில் கேட்பதும் அனுப்புவதும் லேசான வேலை இல்லை. உள்ளே வரும் சிக்னல் ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும், வெளியே போவதோ 25, 50 வாட். இரண்டும் கலந்துவிடாமல் பிரிப்பதற்காகத்தான் டூப்ளெக்ஸர் என்ற கனமான உலோக உருளைகளின் தொகுப்பை ரிப்பீட்டருக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ரிப்பீட்டர் ஓர் அஞ்சல்காரர். கடிதத்தை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. கடிதத்தைப் படித்தால்தான் கொண்டுபோக முடியும் என்பதில்லை.

பழைய அனலாக் ரிப்பீட்டரில் வந்த சத்தம் அப்படியே போகும், கூடவே இரைச்சலும் போகும். அந்தக் காலத்திலும் "ஸ்கிராம்ப்ளர்" உண்டு. குரலின் தாழ்ந்த ஒலியை உயர்ந்ததாகவும் உயர்ந்ததைத் தாழ்ந்ததாகவும் புரட்டிப் போடும். கேட்பவருக்கு வாத்து கத்துவது போல இருக்கும், ஆனால் திரும்ப ஒருமுறை புரட்டினால் குரல் வந்துவிடும். அதை யாரும் பூட்டு என்று நம்பியிருக்கக் கூடாது.

பட்டனை அழுத்தியதும் நடப்பது

இப்போது அதிகம் புழங்கும் டிஜிட்டல் முறைகளில் ஒன்று டி.எம்.ஆர். ஐரோப்பியத் தரநிலை அமைப்பான எட்ஸி 2005-இல் வெளியிட்ட தரம் அது. 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே சேனலை நேரத்தால் இரண்டாகப் பிரித்து, 30 மில்லிநொடி ஒருவருக்கு, அடுத்த 30 மில்லிநொடி இன்னொருவருக்கு என்று மாறி மாறிக் கொடுக்கும். இந்தப் பங்குகளுக்கு ஸ்லாட் என்று பெயர். அதனால் ஒரே ரிப்பீட்டரில் ஒரே நேரத்தில் இரண்டு உரையாடல்கள் ஓடலாம்.

ஒரு தொழிற்சாலை வாசலில் காவலாளி பட்டனை அழுத்திப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறையாக்கம், அதாவது என்கிரிப்ஷன், போட்ட கருவி. வரிசையாக நடப்பது இது:

1. ரிப்பீட்டர் தூங்கிக்கொண்டிருந்தால் கருவி முதலில் அதை எழுப்ப ஒரு சின்ன செய்தி அனுப்பும். ரிப்பீட்டர் விழித்து, தன் அலைவரிசையில் தாளம் போடுவது போல சீரான துடிப்புகளை அனுப்ப ஆரம்பிக்கும். கருவி அந்தத் தாளத்தைப் பிடித்து, தன் ஸ்லாட் எப்போது வருகிறது என்று தெரிந்துகொண்டு, "பீப்" என்று ஓர் ஒலி எழுப்பும். பேசலாம் என்று அர்த்தம். இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். பீப் வரும் முன்பே பேசுபவர்களின் முதல் வார்த்தை விழுங்கப்படுவதற்கு இதுதான் காரணம்.

2. மைக்கில் வரும் குரலை "வோகோடர்" என்ற மென்பொருள் 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வெறும் 49 பிட்களாக (0 அல்லது 1 என்ற இலக்கங்களாக) சுருக்கும். குரலின் அலையை அது அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. குரல் எந்த உயரத்தில் இருக்கிறது, எந்த ஒலிகள் தூக்கலாக இருக்கின்றன என்ற விவரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

3. இங்கேதான் பூட்டு. கருவிக்குள் ஏற்கெனவே பதித்து வைத்திருக்கும் சாவியையும், இந்தப் பேச்சுக்கென்று புதிதாக உருவாக்கிய ஒரு தொடக்க எண்ணையும் சேர்த்து அரைத்தால் குருட்டாம்போக்காகத் தெரியும் ஒரு பிட் ஓடை வரும். அதைக் குரலின் 49 பிட்களோடு ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ப்பார்கள். இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. வெளியே வருவது பொருளற்ற பிட்கள். அதே ஓடையை மறுபடி சேர்த்தால் குரல் திரும்ப வந்துவிடும்.

4. பூட்டிய 49 பிட்களோடு, வழியில் பிழை வந்தால் திருத்துவதற்காக இன்னும் 23 பிட்கள் சேர்ந்து 72 ஆகும்.

5. இப்படி மூன்று துண்டுகளை அடுக்கி, நடுவில் ஒத்திசைவுக்கும் முகவரிக்குமான 48 பிட்களைச் செருகி, 264 பிட் கொண்ட ஒரு பொட்டலமாக்கி, 27.5 மில்லிநொடியில் காற்றில் விடும்.

மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் உள்ள வரிசையைக் கவனியுங்கள். முதலில் பூட்டு, அப்புறம் பிழை திருத்தும் உறை. இந்த ஒரு வரிசைதான் தலைப்பில் உள்ள கேள்விக்குப் பதில். ரிப்பீட்டர் வெளி உறையை மட்டும் பார்த்து, காற்றில் கெட்டுப்போன பிட்களைத் திருத்தி, சுத்தமாக்கித் திருப்பி அனுப்பலாம். உள்ளே இருப்பது குரலா, பூட்டிய குப்பையா என்று அதற்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்கக் காவல் துறைகளும் தீயணைப்புத் துறைகளும் பயன்படுத்தும் பி25 என்ற தரத்திலும் இதே ஏற்பாடுதான். வரிசை தலைகீழாக இருந்திருந்தால், திருத்தம் செய்ய வேண்டும் என்பதற்காகவே குன்றின் மேல் இருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் சாவி கொடுக்க வேண்டி வந்திருக்கும். அந்தப் பெட்டியை யாராவது தூக்கிக்கொண்டு போனால் எல்லாம் போச்சு.

கேட்கும் பக்கத்தில் என்ன நடக்கிறது? பேச்சின் தொடக்கத்தில் எந்தப் பூட்டு வகை, எத்தனையாம் எண் சாவி, தொடக்க எண் என்ன என்ற மூன்று விவரங்களும் திறந்த நிலையில் வரும். சாவி வராது, சாவியின் எண் மட்டும்தான் வரும். கேட்கும் கருவி தன் சாவிக் கொத்தில் அந்த எண்ணுக்குரிய சாவியை எடுத்துத் திறக்கும். தொடக்கத்தைத் தவறவிட்டு நடுவில் சேனலுக்கு வந்தவருக்காக இந்த விவரங்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும், பி25-இல் 360 மில்லிநொடிக்கு ஒருமுறை. சாவி இல்லாத கருவி பேசாமல் இருந்துவிடும், அல்லது தண்ணீருக்குள் தகரத்தைத் தட்டுவது போன்ற கொடகொட சத்தம் போடும்.

பூட்டாமல் போவது

இந்தப் பகுதிதான் பலருக்கும் அதிர்ச்சி தருவது. மறையாக்கம் பூட்டுவது குரலை மட்டுமே. டி.எம்.ஆர். பேச்சில் இவை எல்லாம் சாதாரணமாகத் திறந்தே போகின்றன:

1. பேசும் கருவியின் எண். 24 பிட் எண் என்பதால் சுமார் 1.67 கோடி வெவ்வேறு எண்கள் கொடுக்கலாம்.
2. எந்தக் குழுவுக்குப் பேசுகிறது என்ற டாக்குரூப் எண்.
3. ரிப்பீட்டரை அடையாளம் காட்டும் கலர் கோட், 0 முதல் 15 வரை.
4. "இது பூட்டிய பேச்சு" என்ற கொடி. அவசர அழைப்பு என்றால் அதற்கும் ஒரு கொடி.
5. எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது.

கணினியில் செருகும் விலை குறைந்த ஒரு ரேடியோ டாங்கிளும் இலவச மென்பொருளும் வைத்திருப்பவர் திரையில் பார்ப்பது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "ஸ்லாட் 2, குழு 101, கருவி 2047, பூட்டியது, 6 நொடி." அடுத்த வரி: "ஸ்லாட் 2, குழு 101, கருவி 2011, பூட்டியது, 2 நொடி." ஒரு வார்த்தையும் கேட்காமலேயே, 2047 கேட்கிறார், 2011 பதில் சொல்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. பத்து நாள் பார்த்தால் யார் மேற்பார்வையாளர், இரவுப் பணி எத்தனை மணிக்கு மாறுகிறது, எந்த ராத்திரி வழக்கத்தைவிட ஆள் குறைவு என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதிவிடலாம். பணம் ஏற்றிச் செல்லும் வண்டிக்குக் காவல் போகும் குழுவுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

போதாக்குறைக்கு, ரிப்பீட்டர் உயரத்தில் இருக்கிறது. நேரடியாகப் பேசியிருந்தால் இரண்டு தெரு தாண்டிக் கேட்டிருக்காத பேச்சை, ரிப்பீட்டர் இருபது முப்பது கிலோமீட்டருக்குப் பரப்புகிறது. எட்டும் தூரம் கூடக் கூட ஒட்டுக்கேட்பவருக்கும் வசதி கூடுகிறது. பல ரிப்பீட்டர்களை இணையம் வழியாக இணைத்திருந்தால், யார் எப்போது யாரோடு பேசினார் என்ற பட்டியல் நடுவில் இருக்கும் சர்வரிலும் தங்கிவிடும். ரிப்பீட்டரைப் பராமரிப்பவர் உங்கள் பேச்சைக் கேட்க முடியாது, ஆனால் நீங்கள் பேசினீர்கள் என்பதற்கு அவரே முதல் சாட்சி. முகவரியையும் சேர்த்துப் பூட்டும் ஏற்பாடு பி25 தரத்தில் பின்னாளில் சேர்க்கப்பட்டது. களத்தில் இருக்கும் பெரும்பாலான டி.எம்.ஆர். கருவிகளுக்கு அந்த வசதி கிடையாது.

எந்தப் பூட்டு?

கடைக்காரர் "என்கிரிப்ஷன் உண்டு சார்" என்று சொல்வார். எந்த என்கிரிப்ஷன் என்று கேட்க வேண்டும், ஏனென்றால் அந்த ஒரே சொல்லுக்குள் தாழ்ப்பாளும் இருக்கிறது, பெட்டகமும் இருக்கிறது.

டி.எம்.ஆர். உலகில் "பேசிக் பிரைவசி" என்று ஒன்று பரவலாக உண்டு. ஒரு பிரபல நிறுவனத்தின் முறையில் இதற்கு மொத்தமே 255 சாவிகள்தான், 1 முதல் 255 வரை. அந்தச் சாவி உருவாக்கும் பிட் வரிசை ஒவ்வொரு துண்டுக்கும் மாறாமல் அப்படியே திரும்பத் திரும்ப வருகிறது. பேசுபவர் மூச்சு விட நிறுத்தும் தருணத்தில் வோகோடர் வெளியிடும் "மௌனத் துண்டு" எப்படி இருக்கும் என்பது தெரிந்த விஷயம். ஆக, பூட்டிய மௌனத்தையும் தெரிந்த மௌனத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாவியின் வரிசை வெளியே வந்துவிடும். தவறுதலாக வேறொரு குழு நம் பேச்சைக் கேட்டுவிடாமல் இருக்க இது போதும். திட்டமிட்டு ஒட்டுக்கேட்பவர் முன்னால் இது நிற்காது.

அடுத்தது ஆர்.சி.4 என்ற மறையாக்க முறை, 40 பிட் சாவியோடு. இதில் தொடக்க எண் ஒவ்வொரு பேச்சுக்கும் மாறும், அதனால் மேலே சொன்ன மௌன வித்தை பலிக்காது. சாத்தியமான சாவிகள் சுமார் 1.1 லட்சம் கோடி. கேட்கப் பெரிதாகத் தோன்றும், ஆனால் இன்றைய கணினிக்கு அது ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்து முடித்துவிடக்கூடிய எண்ணிக்கை. உண்மையான பூட்டு என்றால் ஏ.இ.எஸ். என்ற முறை, 256 பிட் சாவியோடு. சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும், அதை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. வாங்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஒரு நிறுவனத்தின் ஏ.இ.எஸ். மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு ஒத்துப்போகும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு கருவிகளையும் பக்கத்தில் வைத்துப் பேசிப் பார்த்தபிறகு பணம் கொடுப்பது நல்லது.

டெட்ரா: கோபுரத்திடமும் சாவி இருக்கும் முறை

ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் போலீஸ், மெட்ரோ ரயில், விமான நிலையங்கள் அதிகம் பயன்படுத்தும் டெட்ரா முறை கொஞ்சம் வேறு. அதில் சாதாரணமாகப் போடும் பூட்டு, கையில் உள்ள கருவிக்கும் கோபுரத்துக்கும் இடையிலானது மட்டுமே. கோபுரம் அதைத் திறந்து, உள்வலையமைப்பில் திறந்த நிலையில் கொண்டுபோய், மறு கோபுரத்தில் மீண்டும் பூட்டி அனுப்பும். இதில் யார் பேசுகிறார் என்ற அடையாளத்தையும் சேர்த்து மறைக்க முடியும், அது நல்லது. ஆனால் கோபுரத்திடம் சாவி இருக்கிறது, வலையமைப்பை நடத்துபவர் கேட்கலாம். பேசுபவரிலிருந்து கேட்பவர் வரை திறக்காமல் போக வேண்டும் என்றால் அதற்கு மேல் தனியாக இன்னொரு பூட்டுப் போட வேண்டும். ஆகவே "ரிப்பீட்டருக்குச் சாவி வேண்டுமா" என்ற கேள்விக்கு டி.எம்.ஆர்., பி25 என்றால் வேண்டாம், டெட்ராவின் சாதாரணப் பூட்டு என்றால் ஆமாம்.

டெட்ராவின் பூட்டு முறைகள் பல பத்தாண்டுகளாக ரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தன. 2023 ஜூலையில், மிட்நைட் புளூ என்ற நெதர்லாந்து ஆய்வுக் குழு அவற்றைக் கருவியிலிருந்து பிரித்தெடுத்து வெளியிட்டது. டி.இ.ஏ.1 என்ற வகையில், 80 பிட் சாவி என்று சொல்லப்பட்டது உள்ளே போனதும் 32 பிட்டாகச் சுருங்குவது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 32 பிட் என்றால் சுமார் 429 கோடி சாவிகள். சாதாரணக் கணினியிலேயே உடைத்துவிடலாம். ஏற்றுமதிக்கு அனுமதிக்கப்பட்ட வகை அது, பல நாடுகளில் அத்தியாவசியச் சேவைகள் அதை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. சில மாதங்களில், அந்த முறைகளைப் பொதுவில் வெளியிடுவதாக எட்ஸி அறிவித்தது. யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று மூடி வைத்த பூட்டு, அதை நம்பிப் பணம் கொடுத்தவர்களைத்தான் இத்தனை வருடம் இருட்டில் வைத்திருந்தது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், "எங்கள் முறை ரகசியம், அதனால் பாதுகாப்பு" என்று இன்றும் விற்கிறார்கள்.

நல்ல பூட்டு இருந்தும் திறந்து கிடந்த பேச்சு

பூட்டு வலுவாக இருந்தால் போதுமா? 2011-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேட் பிளேஸ் தலைமையிலான குழு, அமெரிக்க மத்திய அமைப்புகளின் பி25 ரேடியோ பேச்சை ஒன்றுக்கு மேற்பட்ட நகரங்களில் கேட்டுப் பார்த்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. பூட்டை அவர்கள் உடைக்கவில்லை. உடைக்க வேண்டிய தேவையே வரவில்லை. ரகசியமாகப் போக வேண்டிய பேச்சு, ஒரு நகரத்தில் நாள் ஒன்றுக்குச் சராசரியாக 20 நிமிடத்துக்கு மேல், பூட்டாமலேயே காற்றில் போய்க்கொண்டிருந்தது.

எப்படி நடந்தது என்று அவர்கள் காட்டியதுதான் இந்த விஷயத்தில் மிக முக்கியமான பாடம்.

1. கருவியின் மேல் பூட்டைப் போடவும் எடுக்கவும் ஒரு சிறு சுவிட்ச். சட்டைக்குள்ளோ இடுப்பிலோ உரசி மாறினால் பேசுபவருக்குத் தெரியாது. கருவியின் சின்னமும் ஒலியும் அதைத் தெளிவாகக் காட்டுவதில்லை.

2. கேட்கும் கருவிகள் பூட்டிய பேச்சையும் பூட்டாத பேச்சையும் ஒரே மாதிரி ஒலிக்கவிடும். குழுவில் ஒன்பது பேர் பூட்டோடு, ஒருவர் பூட்டில்லாமல் பேசினாலும் உரையாடல் தடையில்லாமல் ஓடும். ஒருவரும் கவனிக்கமாட்டார்கள்.

3. பாதுகாப்பு என்று நினைத்துச் சாவியை அடிக்கடி மாற்றினார்கள். மாற்றும்போதெல்லாம் யாராவது ஒருவருக்குப் புதுச் சாவி போய்ச் சேரவில்லை. வேலை நடக்க வேண்டுமே என்று மொத்தக் குழுவும் பூட்டை எடுத்துவிட்டுப் பேசியது. அதனால் சாவியை இவ்வளவு அடிக்கடி மாற்ற வேண்டாம் என்பதே அவர்கள் சொன்ன யோசனைகளில் ஒன்று.

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. பி25-இல் 1,728 பிட் கொண்ட ஒவ்வொரு பேச்சுப் பொட்டலத்திலும் 64 பிட் அடையாளப் பகுதியை மட்டும் கெடுத்தால் போதும், மொத்தப் பொட்டலமும் வீணாகும். குழந்தைகள் செய்தி அனுப்பி விளையாடும் ஒரு பொம்மைக் கருவியின் மென்பொருளை மாற்றி இதைச் செய்து காட்டினார்கள். மறையாக்கம் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும், இடைஞ்சல் செய்வதைத் தடுக்காது. பூட்டிய பேச்சு போகவில்லை என்றதும் கை தானாகவே சுவிட்சைத் தேடும், பூட்டை எடுத்துப் பேசிப் பார்க்கும். இடைஞ்சல் செய்பவர் காத்திருப்பதும் அதற்குத்தான்.

யார் பூட்டலாம், யார் கூடாது

அமெச்சூர் ரேடியோவில் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசுவது, ஹாம் என்பார்கள்) மறையாக்கத்துக்கு இடமில்லை. சர்வதேச ரேடியோ விதிகளின் 25ஆம் பிரிவு, வெவ்வேறு நாடுகளின் அமெச்சூர் நிலையங்கள் பொருளை மறைக்கும் நோக்கத்தோடு குறியீட்டில் பேசக் கூடாது என்கிறது. செயற்கைக்கோளுக்குக் கட்டளை அனுப்புவது மட்டும் விலக்கு. அமெரிக்க விதியும் இதையே சொல்கிறது. இந்தியாவின் 1978ஆம் ஆண்டு அமெச்சூர் விதிகளும் வெளிப்படையான மொழியில்தான் பேச வேண்டும் என்கின்றன. டி.எம்.ஆர். கருவியில் மெனு இருக்கிறது என்பதற்காக ஹாம் ரிப்பீட்டரில் பிரைவசியைப் போட்டுப் பேசினால், பேசுபவரோடு ரிப்பீட்டர் வைத்திருப்பவருக்கும் சேர்த்தே சிக்கல், ஏனென்றால் தன் பெயரில் உள்ள நிலையத்திலிருந்து என்ன போகிறது என்று அவரால் சொல்ல முடியாது. மேலே சொன்ன "பூட்டியது" என்ற கொடி திறந்தே வருவதால், அதைப் பார்த்ததும் திருப்பி அனுப்பாமல் நிறுத்தும்படி ரிப்பீட்டரை அமைக்க முடியும். ஹாம் ரிப்பீட்டர் நடத்துபவர்கள் அதைச் செய்துவைப்பது நல்லது.

இந்தத் தடையைப் பிற்போக்குத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேரில் தற்செயலாக இருந்த ஹாம் குழு, தொலைபேசி அறுந்துபோன அந்தமானிலிருந்து செய்திகளைக் கடத்தியது. எங்கிருந்தோ கேட்கும் முன்பின் தெரியாதவர் அந்தச் செய்தியை எடுத்து உரியவரிடம் சேர்க்க முடிந்தது, அது திறந்த பேச்சு என்பதால்தான். மீன்பிடிப் படகுகளின் வி.எச்.எஃப். கருவியில் 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், எப்போதும் திறந்திருப்பதும் இதே காரணத்துக்காக. கடலில் உதவி கேட்பவர் சாவி ஒத்துப்போகும் படகைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தனியார் நிறுவனங்களின் கதை வேறு. அமெரிக்காவில் உரிமம் பெற்ற வணிக அலைவரிசையில் மறையாக்கம் போடலாம். இந்தியாவில் மெனுவைத் தொடுவதற்கு முன்பே அலைவரிசை யாருடையது என்ற கேள்வி வந்துவிடுகிறது. 2018 முதல் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. அதற்கு வெளியே வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். கருவிகளையும் ரிப்பீட்டரையும் வைக்க மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவிடம் அலைவரிசை ஒதுக்கீடும் உரிமமும் பெற வேண்டும். இந்த விவரத்தைச் சொல்லாமல் வாக்கி-டாக்கி விற்றதற்காக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. உரிமம் இல்லாத அலைவரிசையில் பூட்டிப் பேசுவது, கேட்பவருக்கு இன்னும் கூடுதல் சந்தேகத்தைத்தான் கொடுக்கும்.

நியூயார்க்கில் போனது என்ன

1938-இல், பின்னாளில் வீஜி என்ற பெயரில் புகழ்பெற்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் ஆர்தர் ஃபெல்லிக், தன் காரில் போலீஸ் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி பெற்றிருந்தார். அன்று தொடங்கி, நியூயார்க்கில் நிருபர்களும் தன்னார்வ ஆம்புலன்ஸ்காரர்களும் போலீஸ் பேச்சைக் கேட்டே சம்பவ இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போலீஸ் என்ன செய்கிறது என்று போலீஸ் சொல்லாமலேயே மக்களுக்குத் தெரியும் வழி அது. காவல் துறையின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ரேடியோவில் மக்களின் பெயர், பிறந்த தேதி, ஓட்டுநர் உரிம எண் எல்லாம் வாசிக்கப்படுகின்றன. கலிஃபோர்னியா நீதித் துறை 2020 அக்டோபரில் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான், தனிநபர் விவரங்களை எப்படியாவது பாதுகாக்க வேண்டும் என்று காவல் துறைகளுக்கு எழுதியது. சிகாகோவில் 30 நிமிடத் தாமதத்தோடு பேச்சை வெளியில் விடுகிறார்கள்.

தொழில்நுட்பத்தைப் புரிந்துகொண்டு பார்த்தால், "எல்லாம் அல்லது ஒன்றுமில்லை" என்ற வாதம் நிற்காது. பூட்டு என்பது சேனலுக்குச் சேனல், குழுவுக்குக் குழு போடக்கூடியது. ரோந்துக்கான குழுவைத் திறந்துவைத்து, பெயர் விவரம் சரிபார்க்கும் குழுவையும் துப்பறியும் குழுவையும் மட்டும் பூட்டலாம். அரை மணி நேரத் தாமதம் தீ விபத்தையோ துப்பாக்கிச் சூட்டையோ சொல்ல வேண்டிய நிருபருக்குப் பயன்படாது. அதோடு, ஒரு பெரிய விபத்தில் பக்கத்து ஊரிலிருந்து வரும் தீயணைப்பு வண்டியிடம் சாவி இல்லை என்றால் பூட்டு எதிரியைவிட உதவிக்கு வந்தவரைத்தான் முதலில் வெளியே நிறுத்தும்.

ஒரு குழு இதை அமைக்கும்போது

உரிமமும் இருக்கிறது, பூட்டவும் நியாயமான தேவை இருக்கிறது என்றால், அனுபவப்பட்டவர்கள் செய்வது இவ்வளவுதான்.

1. ரிப்பீட்டரில் எதையும் பூட்ட முயல வேண்டாம். சாவி கையில் உள்ள கருவிகளுக்கு மட்டும். சாவியும் சாவி எண்ணும் எல்லாக் கருவியிலும் ஒத்துப்போக வேண்டும், ஒன்று சரியாகி மற்றொன்று தவறானால் கொடகொட சத்தம்தான்.

2. பூட்டை சுவிட்சுக்கு விடாமல் சேனலோடு கட்டிவிடுங்கள். "காவல் 1" என்ற சேனல் எப்போதும் பூட்டியது, "பொது" என்ற சேனல் எப்போதும் திறந்தது. பேசுபவர் யோசிக்க வேண்டியது எந்தச் சேனல் என்பதை மட்டும்.

3. அவசர அழைப்புக்கான சேனல் திறந்தே இருக்கட்டும்.

4. கருவி எண்களைப் பதவி வரிசைப்படி கொடுக்காதீர்கள். 1 என்றால் மேலாளர் என்பது பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

5. ஒரு கருவி தொலைந்தால் சாவியும் தொலைந்தது என்றே கணக்கு. தொலைந்த கருவியைக் காற்றிலேயே முடக்கும் கட்டளை சில அமைப்புகளில் உண்டு, ஆனால் கருவி அணைந்து கிடந்தால் அது போய்ச் சேராது. எல்லாக் கருவிகளிலும் புதுச் சாவி ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும், யார் ஏற்றுவார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும்.

6. சாவி ஏற்றும் மடிக்கணினியும் அந்தக் கோப்பும்தான் உண்மையான பெட்டகம். கருவிகளை அமைத்துக் கொடுத்த கடைக்காரரிடமும் அந்தக் கோப்பு இருந்தால், சாவி அவரிடமும் இருக்கிறது.

7. மாதம் ஒருமுறை, சாவி ஏற்றாத ஒரு கருவியை அதே சேனலில் வைத்து ஒரு முழு நாள் ஓடவிடுங்கள். அதில் கொடகொட சத்தமோ மௌனமோ மட்டும் வர வேண்டும். நடுவில் ஒரு குரல் தெளிவாகக் கேட்டால், திரையில் வரும் கருவி எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தக் கருவியை வாங்கிப் பாருங்கள்.